இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறார்களாம், பிறகு எப்படி வந்தது இந்தப் புண்?

ஓசூர் மகள் கேட்கிறார்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 79 வயது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று, ஆனால் முழுக்கப் போகவில்லை. தண்ணீர் கேட்க வராது, என் பெயர் வராது. பதினாறாம் வாய்ப்பாட்டை மட்டும் தொடங்கிவிட்டால் கடைசிவரை பிசகாமல் சொல்வார். பக்கவாதத்தில் பேச்சு அடிபட்டவர்களுக்கும் மனப்பாடமாக இருப்பவை இப்படித் தப்பிக்கொள்வதுண்டு என்று நரம்பியல் மருத்துவர் விளக்கினார். இல்லத்துப் பெண்களுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. "பாட்டி, ஒரு பாட்டுப் பாடு" என்கிறார்கள்.

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் அது. பெயரைச் சொல்லமாட்டேன், அம்மா இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறார். மாதம் 38,000 ரூபாய். டயபர், மருந்து, பிசியோதெரபி எல்லாம் தனி. அண்ணன் மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்புகிறான். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சனிக்கிழமைகளில் முடிந்தபோது போய்ப் பார்க்கிறேன். வீட்டில் வைத்துப் பார்க்கவில்லையா என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: பார்த்தோம். ஏஜென்சி அனுப்பிய பெண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒருத்தி திரும்பவே இல்லை. அம்மாவைத் தூக்கி உட்காரவைத்ததில் என் முதுகு பிடித்துக்கொண்டு நானே கட்டிலில் கிடந்தேன்.

இல்லத்திலிருந்து தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். முகம் துடைத்து, பவுடர் பூசி, விபூதி இட்டு, கழுத்துவரை போர்த்திய அம்மா. ஆடிப்பூரத்தன்று கையில் கண்ணாடி வளையல்கூடப் போட்டிருந்தார்கள். அண்ணன் பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்புவான். படத்தைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்லத் தோன்றாது. ஒருமுறை போனபோது தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் வந்துவிட்டது என்றார்கள். ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டிருக்கலாம் என்றேன். "அவருக்கென்ன தெரியப்போகிறது மேடம்" என்றார் மேலாளர். அன்றைக்கே எனக்கு ஏதோ உறுத்தியது.

போன வாரம் நரம்பியல் பரிசோதனைக்காக அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த நர்ஸ் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பியபோதுதான் பார்த்தேன். வால் எலும்புக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்குப் புண். தோல் முழுக்கப் போய் உள்ளே மஞ்சளாக இருந்தது. வலது குதிகாலில் ஒரு கறுத்த வட்டம். மூன்றாம் நிலைப் படுக்கைப் புண் என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார் மருத்துவர்.

இல்லத்தில் கேட்டேன். "சர்க்கரை நோயாளி, வயதும் ஆகிவிட்டது, வரத்தான் செய்யும். நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறோம். ஏர் பெட் போட்டிருக்கிறோம். எல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கிறது" என்றார்கள். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

அண்ணன் சொல்வது: "சண்டை போடாதே. நீ போனபிறகு அம்மா மேல் காட்டுவார்கள்." அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. வாயில்லாதவர், என்ன செய்தாலும் யாரிடம் போய்ச் சொல்வார்?

என் கேள்விகள் இவை. சரியாகப் பார்த்துக்கொண்டாலும் இந்த அளவுக்குப் புண் வருமா? இடம் மாற்றுவதா, அங்கேயே வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதா? கேட்பதென்றால், அம்மா அதற்கு விலை கொடுக்காதபடி எப்படிக் கேட்பது?

---

மேலூர்க்காரர்:

பெற்ற தாயை விடுதியில் சேர்த்துவிட்டுப் புண் வந்தது, பொட்டு வைக்கவில்லை என்று புலம்பினால் என்ன பொருள்? எங்கள் காலத்தில் பாட்டிகள் எல்லாம் திண்ணையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். பெற்றோரைக் கைவிட்டால் சிறைத்தண்டனை என்று 2007ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது, தெரியுமா?

---

கோர்ட் குமாஸ்தா:

மேலூர் ஐயா, திண்ணையில் இருந்தபடியே போனவர்களைப் பற்றித்தான் உங்களுக்கு நினைவிருக்கிறது. உள்ளறையில் ஈக்களோடு கிடந்தவர்களை யாரும் வெளியே பேசவில்லை.

சட்டத்தை இழுத்ததால் சொல்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 24ஆம் பிரிவு, முழுவதுமாகக் கைகழுவும் எண்ணத்தோடு ஒரு முதியவரை எங்காவது விட்டுவிட்டுப் போகிறவரைத்தான் தண்டிக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாதம் 38,000 கட்டி, சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற பெண்ணுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஓசூர் அம்மா, உங்கள் பக்கம் இருப்பவற்றைச் சொல்கிறேன். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். எழுத்தில் புகார் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர். நீங்கள் பணம் கொடுத்துச் சேவை பெறுகிறவர் என்பதால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். ரசீதுகள், சேர்க்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம், மருத்துவர் எழுதிய சீட்டு, தேதி தெரியும்படி புண்ணின் படம். அந்த ரிஜிஸ்டரைப் பற்றிச் சொன்னீர்களே, அதன் பக்கங்களைக் கையிலிருக்கும் போனிலேயே படமெடுத்துவிடுங்கள். சண்டை தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். தொடங்கிய பிறகு ரிஜிஸ்டர் 'ஆடிட்டுக்குப் போயிருக்கும்'.

---

பழைய சிஸ்டர், மதுரை:

தங்கச்சி, 31 வருடம் அரசு மருத்துவமனையில் வார்டு பார்த்தவள் நான். உன் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். மரணத்தின் கடைசி நாட்களில் எவ்வளவு பார்த்தாலும் சிலருக்குத் தோல் விட்டுப்போகும், அது உண்மை. வாயால் சாப்பிட்டு, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிற உன் அம்மா அந்தக் கணக்கில் வரமாட்டார். மூன்றாம் நிலைப் புண் ஒரே ராத்திரியில் முளைப்பதில்லை. அதற்கு முன் அந்த இடம் சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்காது, சிவப்பாகவே நிற்கும். அதுதான் முதல் நிலை, அன்றைக்கே அழுத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். பிறகு கொப்புளம், தோல் உரிதல். அதன் பிறகுதான் குழி. இத்தனை நாளும் டயபர் மாற்றிய கைகளுக்கு மேலே கண்கள் இருந்திருக்குமே, அவை எங்கே பார்த்துக்கொண்டிருந்தன?

சர்க்கரை நோயைச் சாக்காகச் சொல்வது எனக்குப் பழகிப்போன பாட்டு. சர்க்கரை இருந்தால் புண் சீக்கிரம் வரும், மெல்ல ஆறும். சரிதான். அப்படியென்றால் இன்னும் கவனமாக அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

ஏர் பெட் இருந்தால் புரட்ட வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். மெத்தை அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். திருப்பிப் படுக்கவைக்கிற வேலையை அது செய்யாது. திருப்பும்போது முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இடுப்பு எலும்பில் புதுப் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துப் பாதிச் சாய்வாக, ஏறக்குறைய 30 டிகிரி, திருப்ப வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடவேண்டும். உன் அம்மாவின் குதிகாலில் கறுப்பு வட்டம் என்கிறாயே, அந்த ஒரு தலையணைகூட வைக்கப்படவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. சாப்பிட்டதும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உணவு நுரையீரலுக்குள் போகலாம். ஆனால் பல இடங்களில் கட்டிலை அப்படியே நாள் முழுக்க விட்டுவிடுகிறார்கள். உடம்பு மெல்ல மெல்லக் கீழே சறுக்கும். மேல்தோல் படுக்கையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு இறங்கும். வால் எலும்புப் புண்ணுக்கு அது ஒன்றே போதும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறேன் என்று எண்ணெய் போட்டு அழுத்துவதும் கூடாது. நடுவில் ஓட்டை போட்ட வட்ட ரப்பர் தலையணை வேண்டவே வேண்டாம். சுற்றிலும் அழுத்தி ரத்தம் வரும் வழியையே அடைத்துவிடும்.

இல்லம் நல்லதா கெட்டதா என்று தெரிய வரவேற்பறையில் உட்காராதே. உன் அம்மாவை விட்டுவிட்டு, யாரும் பார்க்க வராத ஒருவர் அங்கே நிச்சயம் இருப்பார், அவர் பக்கத்தில் போய் நில். நகம் வெட்டியிருக்கிறதா, வாய் காய்ந்து நாக்கு வெடித்திருக்கிறதா, தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார். உன்னுடைய அம்மாவுக்கு நீ வருகிற நாளில் எல்லாம் சரியாக இருக்கும். அந்த ஆளுக்குத்தான் எல்லா நாளும் ஒன்று.

மாதாமாதம் எடை பார்த்தார்களா என்று கேள். எடை குறைந்துகொண்டே போனால் புண் ஆறாது. முட்டை, பருப்பு, தயிர் என்று புரதம் உள்ளே போகவேண்டும். ரவைக் கஞ்சி மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் எந்தக் களிம்பும் வேலை செய்யாது.

காய்ச்சல், புண்ணில் துர்நாற்றம், வழக்கத்துக்கு மாறான தூக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் சனிக்கிழமைக்குக் காத்திருக்காதே. உடனே மருத்துவமனை. கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து தூரமில்லை, அரசு மருத்துவமனைதான். ஒருமுறை அங்கே முழுசாகக் காட்டிவிடு.

அந்தத் தலைமையாசிரியையை யாரும் 'பாட்டி, பாடு' என்று சொல்லக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். வாய்ப்பாட்டை அவர் எந்தக் குரலில் சொல்கிறார் என்று கவனி. வலியிருந்தால் குரல் வேகமாகும், உயரும். அவரிடம் மிச்சமிருக்கும் மொழி அதுதான்.

---

இரவுப்பணி:

நான் கோவைப் பக்கம் ஒரு இல்லத்தில் சில ஆண்டுகள் அட்டெண்டராக இரவு வேலை பார்த்தேன். இப்போது வேறு வேலை. சிஸ்டர் அம்மா சொன்னதெல்லாம் சரி, ஆனால் புரட்டாதவள் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

இரவு எட்டு மணிக்கு ஏறினால் காலை எட்டு மணிக்கு இறங்குவோம். 24 படுக்கைக்கு இரண்டு பேர். அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் நான் ஒருத்திதான். நர்ஸ் என்று பலகையில் எழுதியிருக்கும், இரவில் அவர் போனில்தான் இருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 24 பேரைப் புரட்டுவதென்றால், ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலே இரண்டு மணி நேரம் தீர்ந்துவிடும். அத்தனை பேருக்கும் புரட்டத் தேவையில்லைதான். ஆனால் நடுவில் ஒருவர் கட்டிலை விட்டு இறங்கிவிடுவார், ஒருவர் ட்யூபைப் பிடுங்கிவிடுவார். கனமான ஆளைத் தனியாளாகப் புரட்டினால் என் இடுப்பு போய்விடும், அவருக்கும் தோல் உரியும். அதனால் யாரைப் புரட்டுவோம் தெரியுமா? இலேசானவர்களை, கத்துகிறவர்களை, வீட்டிலிருந்து ஆள் வருகிறவர்களை. சத்தம் போடாமல் கனமாகக் கிடப்பவர் அப்படியே கிடப்பார். நான் பெருமையாகச் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்கு எல்லாருடைய ரிஜிஸ்டரையும் ஒரே மூச்சில் எழுதி முடிப்போம். 10 இடது, 12 நேர், 2 வலது. எழுதாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். புரட்டாவிட்டால் பிடிக்கமாட்டார்கள். அந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும், ஒரே பேனா, ஒரே சாய்வு.

டயபர் விஷயமும் கேளுங்கள். நீங்கள் வாங்கிக்கொடுக்கிற பாக்கெட் உங்கள் அம்மாவுக்குத்தான் போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அளவு வைத்திருப்பார்கள். இரவு பத்துக்கு மாற்றியது காலை ஆறு வரை. ஈரத்தில் ஊறிய தோல் எதையும் தாங்காது.

"சண்டை போட்டால் அம்மா மேல் காட்டுவார்கள்" என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். நான் பார்த்தவரையில் முதலாளியிடம் குறை சொல்கிறவர்களின் ஆளை எங்களில் யாரும் அடித்ததில்லை, கிள்ளியதில்லை. ஆனால் "அந்த வீட்டார் பிரச்சினை, எதற்கு வம்பு" என்று ஒதுங்கிப்போவோம். கூப்பிட்டால்தான் போவோம். கூப்பிட வாயில்லாதவர் என்றால் அது பெரிய தண்டனை. அதனால் குறையை மேலாளரிடம் சொல்லுங்கள், வேலை செய்கிற பெண்ணிடம் வேண்டாம். அவளிடம் பெயர் கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அம்மா ஹெட்மாஸ்டராக இருந்த பழைய படம் ஒன்றைச் சட்டம் போட்டுத் தலைமாட்டில் மாட்டுங்கள். எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா லோகோ பைலட்டாக இருந்தவர் என்று அவர் மகன் மாட்டிய படத்தில்தான் எங்களுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் 'டேய்' போட்டதில்லை.

---

சாவகச்சேரியான், ஸ்காபரோ:

எங்கள் ஐயா இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கடைசி வருடங்களைக் கழித்தார். இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2020 மே மாதம், கொரோனாக் காலத்தில் ஐந்து இல்லங்களுக்கு உதவிக்குப் போன இராணுவத்தினர் தாங்கள் கண்டதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள். கரப்பான் பூச்சிகள், வாரக்கணக்காகக் குளிப்பாட்டப்படாத முதியவர்கள், உதவி கேட்டு அழுதும் நெடுநேரம் ஆள் வராத அறைகள். சட்டமும் பரிசோதகரும் இருந்த நாட்டில்தான் இதெல்லாம் நடந்தது.

ஆனாலும் பிடித்துக்கொண்டு கேட்க இங்கே ஒரு கயிறு இருக்கிறது. ஒருவருக்குக் கிழமைக்குக் குறைந்தது இரண்டு தடவை குளியல் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. பதிவுபெற்ற தாதி ஒருவராவது இருபத்துநான்கு மணி நேரமும் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். 2021இல் நிறைவேறிய புதிய சட்டத்தோடு, ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பு என்று இலக்கும் வைத்தார்கள். பரிசோதகரின் அறிக்கைகளை யாரும் இணையத்தில் வாசிக்கலாம். நாங்கள் ஐயாவுக்கு இடம் தேடும்போது இல்லத்தின் பளபளப்பான புத்தகத்தைப் புரட்டவில்லை, அந்த அறிக்கைகளைத்தான் இரவிரவாக இருந்து வாசித்தோம்.

எல்லாவற்றையும் விட உதவியது குடும்பங்களின் சங்கம். அங்கிருப்பவர்களின் உறவினர்கள் கூடிச் சங்கம் அமைக்கச் சட்டத்தில் உரிமை உண்டு, நிர்வாகம் தடுக்க முடியாது. ஐயாவுக்கு மறதி முற்றியபோது அவர் பிந்திப் படித்த ஆங்கிலம் முதலில் போயிற்று. இரவில் தமிழில் கூப்பிடுவார், விளங்க ஆளில்லை. நான் தனியாக முறையிட்டபோது "பார்க்கிறோம்" என்றார்கள். சங்கத்தில் சீன, போர்த்துக்கீசக் குடும்பங்களும் அதே குறையைச் சொன்ன பிறகுதான் இரவு நேரப் பணிக்கு மொழி தெரிந்தவர்களை ஒழுங்குபடுத்தினார்கள். காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்ற முடியவில்லை, அவித்த ஓட்ஸ்தான். நான் ஞாயிறுகளில் புட்டும் சம்பலும் கொண்டுபோவேன்.

தங்கச்சி, உங்கள் இல்லத்தில் அப்படிச் சட்டபூர்வமான சங்கம் இல்லாவிட்டால் என்ன? சனிக்கிழமை வருகிற மற்றப் பிள்ளைகளோடு தேநீர் குடியுங்கள், தொலைபேசி எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வீட்டார் கேட்டால் தொந்தரவு என்பார்கள், ஆறு வீட்டார் சேர்ந்து கேட்டால் கூட்டம் போடுவார்கள். யார் முறைப்பாடு சொன்னது என்றும் தெரியாமல் போகும்.

---

ஓசூர் மகள்:

எல்லாருக்கும் நன்றி. மேலூர் ஐயாவுக்கு நான் பதில் எழுதவில்லை, குமாஸ்தா ஐயா எழுதிவிட்டார்.

குமாஸ்தா ஐயா சொன்னபடி வெள்ளிக்கிழமை இரவே பஸ் ஏறிப் போய், முன்னறிவிப்பில்லாமல் ரிஜிஸ்டர் கேட்டேன். "பார்க்கத்தானே, பாருங்கள்" என்று மேசைமேல் போட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை. ஒரே பேனா, ஒரே சாய்வு, 'இரவுப்பணி' எழுதியது அப்படியே. கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு ஒரு பக்கத்தைப் பார்த்தால் முதலில் தேதிதான் கண்ணில் படும். அம்மாவை நரம்பியல் பரிசோதனைக்கு அழைத்துப்போன நாளைத் தேடினேன். காலை ஒன்பது மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி, மாலை நான்கு மணிக்குத்தான் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். ரிஜிஸ்டரில் அன்று 10 மணி, இடது பக்கம். 12 மணி, நேராக. 2 மணி, வலது பக்கம். குறிப்பு என்ற கட்டத்தில், 'நோயாளி ஒத்துழைத்தார்'.

படமெடுத்துக்கொண்டேன். பிறகு மருத்துவமனை ரசீதைப் பக்கத்தில் வைத்து மேலாளரைக் கூப்பிட்டேன். நெடுநேரம் பார்த்தார். "பயிற்சிக்கு வந்த பெண் பழக்கத்தில் எழுதிவிட்டாள்" என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிடப் போனார், வேண்டாம் என்றேன். அவளைத் திட்டவைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? இரவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். மூன்று என்றார். வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். அதில் இரண்டு.

அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். வாரம் ஒருமுறை பக்கத்தில் அளவுகோல் வைத்துப் புண்ணைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். முகப் படம் வேண்டியதில்லை. புரட்டும் தாளை அம்மாவின் கட்டிலிலேயே தொங்கவிட வேண்டும், அந்தந்த நேரத்தில் எழுதிப் பெயர் போட வேண்டும். மாதாமாதம் எடை. முடி, உடை பற்றி எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான். அண்ணன் போனில் கோபித்துக்கொண்டான். ரிஜிஸ்டர் படத்தை அனுப்பிய பிறகு பேசவில்லை, அடுத்த நாள் குமாஸ்தா ஐயா சொன்ன நுகர்வோர் ஆணையம் பற்றிக் கேட்டான்.

சிஸ்டர் அம்மா, கிண்டியில் காட்டினேன். புண் கொஞ்சம் ஆறும்வரை ஆம்புலன்ஸில் அலைக்கழிக்க வேண்டாம் என்றார் மருத்துவர், அதனால் இப்போதைக்கு அங்கேயே. ஆனால் செங்கல்பட்டுப் பக்கம் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஒரு இடத்துக்கு இரவு எட்டு மணிக்குப் போய் நின்றேன். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, காலையில் வாருங்கள் என்று வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அது கணக்கிலிருந்து போயிற்று. இன்னொரு இடத்தில் உள்ளே விட்டார்கள். மூத்திர வாடை இருந்தது, மறைக்கவில்லை, மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார் நர்ஸ். நேரில் நர்ஸ், போனில் இல்லை. யாரும் வராத ஒரு தாத்தாவின் நகத்தைப் பார்த்தேன். வெட்டியிருந்தது. மாதம் 6,000 ரூபாய் கூடுதல், அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

தலைமாட்டில் அம்மாவின் பணி நிறைவு விழாப் படத்தை மாட்டிவிட்டேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாளாம் ஒரு அட்டெண்டருக்கு. "டீச்சரா? எங்கள் பாப்பாவுக்கு வாய்ப்பாடே ஏறமாட்டேன் என்கிறது" என்றாள்.

கடைசியாக ஒரு கேள்வி. புண்ணைத் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுகிறார்கள், நுரை வந்தால் அழுக்குப் போகிறதாம். அத்தை தேன் வைக்கச் சொல்கிறார். எது சரி?

---

பழைய சிஸ்டர், மதுரை:

பெராக்சைடை இன்றைக்கே நிறுத்தச் சொல். நுரையோடு புதுசாக வளர்கிற சதையும் போகும். மருத்துவர் வேறு எழுதியிருந்தால் ஒழிய, நார்மல் சலைனால் கழுவினால் போதும். உன் அத்தையின் சமையலறைத் தேன் வேண்டாம். புண்ணுக்கென்று சுத்திகரித்த தேன் தனியாக இருக்கிறது, அதையும் மருத்துவர் சொன்னால்தான். உள்ளே மஞ்சளாக இருப்பதை வெட்டி எடுக்க வேண்டுமா என்று கிண்டியிலேயே அறுவைச் சிகிச்சைப் பிரிவில் கேட்டுவிடு.

அந்த ஏர் பெட்டின் பம்ப் இரவில் ஓடுகிறதா என்றும் பார். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பிளக்கைப் பிடுங்கிவிடுகிற இடங்கள் எனக்குத் தெரியும். மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்து, வால் எலும்புக்குக் கீழே அழுத்திப் பார். எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை.